நாலுக்கு அஞ்சில் பன்னிரண்டடி

“மறுபாதி எங்கேன்னு கேக்குறேன்.”

“அது அங்கதான் இருக்கு, அதை யாரு இப்ப…”

“எங்க இருக்கு? படத்துல ரெண்டு கால் நிக்குது. மிச்ச ரெண்டு கால் எங்க, காலாற நடந்துட்டு வரப் போயிருக்கா?”

“நான் சொல்றத ஒரு நிமிஷம் கேட்டாத்தானே…”

“பன்னெண்டடி. நூல் புடிச்சு இழைச்சது. அதுல ஆறடிய நீ கட்டவிரலால தள்ளிட்ட.”

“தள்ளல. படத்துக்கு வெளியில விட்டிருக்கேன். உங்க மேசைய யாரும் தொடலைங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன். யாரும் தொட மாட்டாங்க. பாதி மேசைய எவன் தொடுவான்?”

மேசையின் தலைமாட்டில் அவன், கால்மாட்டில் அவள். நடுவில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு பாலிஷ் அக்கா. புருஷன் பெண்டாட்டி சண்டை பன்னிரண்டடி தூரம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதற்கெல்லாம் அக்கா கையை நிறுத்துகிறவள் இல்லை. தம்பிக்குக் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற சத்தம். மழைச் சத்தம் மாதிரி அதுவும் ஒன்று.

தம்பிக்கு ஊரில் வைத்த பெயர் அங்குலம். தச்சன். சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்தால்கூட விளிம்பு மேசைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான். அக்கா அவனுக்கு ஏழு வயது மூத்தவள். அவன் செய்கிற சாமான்களுக்கு மெருகு ஏற்றுகிறவள் என்பதால் எல்லோருக்கும் பாலிஷ் அக்கா. தம்பி மனைவியைச் சின்னவள் என்று அக்காதான் முதலில் கூப்பிட்டாள், அதுவே நின்றுவிட்டது. சின்னவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வன்பொருள் கடையில் ரசீது போட்டுக்கொண்டிருந்தவள். ஆணி, திருகு, கீல் எல்லாம் எத்தனை அளவில் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இப்போது பட்டறையின் படங்களெல்லாம் அவள் பொறுப்பு. செய்த சாமானைப் படம் எடுத்து, போனில் அதற்கென்று இருக்கிற பக்கத்தில் போட்டு, கேட்பவர்களுக்குப் பதில் எழுதி, ஆளை வாசலுக்கு வரவழைப்பது வரை அவள் வேலை. அதற்கு அப்புறம்தான் அங்குலம் வாயைத் திறக்க வேண்டும். பல சமயம் திறக்காமல் இருந்தால் நல்லது.

அவள் வருவதற்கு முன்னால் படம் எடுத்துப் போட்டவன் அங்குலம்தான். அந்தப் படங்களை நினைத்தால் அக்காவுக்கு இப்போதும் சிரிப்பு வரும். பீரோவைவிடப் பெரிதாகப் பெயின்ட் டப்பா தெரியும். நாற்காலிக்குப் பின்னால் காயப்போட்ட பனியன் தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரு மூலையில் அவன் கட்டைவிரல், காவல் போட்ட மாதிரி.

சின்னவள் வேலை செய்கிற விதமே வேறு. முதலில் லென்ஸைத் துடைப்பாள். பிறகு சாமானைச் சுற்றி ஒரு நடை, சும்மா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஷட்டர் வழியாக வெளிச்சம் எந்நேரம் எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். அதுவரை சாமான் காத்திருக்கும், அவளும் காத்திருப்பாள். எடுத்தபின் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, படத்தை விரலால் நகர்த்தி நகர்த்தி ஒரு சட்டத்துக்குள் நிறுத்துவாள். அகலம் நாலு என்றால் உயரம் ஐந்து. அந்தச் சட்டம்தான் கணக்கு. போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மேலே தள்ளிக்கொண்டே போகிறவர்களின் கண்ணை நிறைப்பது அந்த அளவுதான் என்று அக்காவுக்கு ஒருநாள் காட்டினாள். அகலமான படத்தைப் போட்டால் அது நடுவில் ஒரு பட்டையாக ஒடுங்கிக் கிடக்கும். ரிப்பன் என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம்.

ஆடும் நாற்காலி ஒன்றுக்கு அவள் சட்டம் கட்டியதை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கைப்பிடியின் வளைவு ஓரத்தை முட்டுகிறதா இல்லையா என்கிற அளவில் இருந்தது. சின்னவள் ஒரு மயிரிழை நகர்த்தினாள். அவ்வளவுதான், நாற்காலி இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி லேசாகச் சாய்ந்து நின்றது. மூச்சு விட இடம் வேண்டும் அண்ணி, நமக்கு மட்டுமா, நாற்காலிக்கும்தான் என்றாள். கடைசிப் பூச்சில் துணியை எங்கே நிறுத்த வேண்டும் என்று கை தானாக அறியுமே, அந்த அறிவுதான் இது என்று அக்காவுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அவள் படம் எடுக்கிறபோது அக்கா உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் வராமல் பார்த்துக்கொள்வாள்.

ஆனால் அவள் சட்டத்துக்கு அடங்குவதெல்லாம் நிற்கிற சாமான்தான். பீரோ, கதவு, நாற்காலி, புத்தக அலமாரி. படுத்த சாமான் வந்தால் தொல்லை. பெஞ்சு, கட்டில். இப்போது இந்த மேசை.

காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்திலிருந்து அறுத்த பலகை அது. பன்னிரண்டடி நீளம், மூன்றடி அகலம், ஒட்டே கிடையாது. கூட்ட அறைக்கு வேண்டும் என்று ஓர் அலுவலகம் கேட்டிருந்தது. அங்குலம் மூன்று மாதம் அதோடு குடித்தனம் நடத்தினான். கால்களைத் துளையில் இறக்கி ஆப்பு அடித்தான், இனி அந்தக் கால் பலகையை விட்டுப் பிரியாது. கடைசிப் பூச்சு மட்டும் பாக்கி இருக்கிறபோது அலுவலகம் வேறு ஊருக்கு இடம் மாறிவிட்டது. வருத்தம் தெரிவித்து நாலு வரி வந்தது. அதில் மூன்று எழுத்துப்பிழை என்று சின்னவள் சொன்னாள்.

பட்டறையின் உள்நீளம் பதினாறடி. ஒரு சுவரோரம் இழைப்பு மெஷின், மறு சுவரோரம் பலகை அடுக்கு. நடுவில் மேசை. சனிக்கிழமை ஒரு மருத்துவமனைக்கான அலமாரிகளுக்கு மரம் வந்து இறங்குகிறது, எட்டு அலமாரி. அதை இறக்க மேசையின் முதுகைத் தவிர இடமில்லை. வெளியே வைக்கலாமென்றால் ஒரு வாரமாக மழை. நிமிர்த்தலாமென்றால் கூரை பத்தடி.

“நிமிர்த்தினா கூரைக்கு அடங்கல. படுக்க வெச்சா இவ போனுக்கு அடங்கல” என்று அங்குலம் அக்காவிடம் முறையிட்டான். “நாலுக்கு அஞ்சாம். எந்தத் தச்சன் வெச்ச அளவு அது?”

“உலகத்துல பாதிப் பேரு அந்த அளவுலதான் பாக்குறாங்க” என்றாள் சின்னவள்.

“பாதிப் பேரு பாக்குறாங்க, அதனால பாதி மேசை. சரியாப் போச்சு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அவளை முறைத்ததில் அன்றைய சண்டை முடிந்தது.

மறுநாள், புதன்கிழமை, குடையை மடக்கிக்கொண்டு ஒரு டீச்சர் வந்தார். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். கையில் போன், போனில் சின்னவள் போட்ட படம். உள்ளே வந்து மேசையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி மேசையைப் பார்த்தார்.

“இது அது இல்லையே.”

“அதேதாங்க” என்றாள் சின்னவள்.

“இதுல நாலு பேர் உட்காரலாமான்னு கேட்டிருந்தேன். தாராளமான்னு எழுதியிருந்தீங்க.”

“தாராளமா உட்காரலாம்.”

“பன்னெண்டு பேரே உட்காரலாம் போலிருக்கேம்மா. என் கூடமே பத்தடி. இதை நான் போட்டா பிள்ளைங்களைத் தெருவிலதான் உட்கார வைக்கணும்.”

டீச்சர் கோபிக்கிற ஆள் இல்லை, அதுதான் இன்னும் சங்கடம். போனைத் திருப்பிக் காட்டினார். படத்துக்குக் கீழே சின்னவளின் வரிகள்: ஒரே பலகை, உறுதியான கால்கள், படத்தில் உள்ளபடி. “படத்தில் உள்ளபடின்னு போட்டிருக்கு. படத்துல உள்ளது எனக்கு ரொம்பப் பிடிச்சது. இந்த மூலையும், இந்தக் காலும், இந்த நிறமும். ஓரத்துல இன்னும் ஒரு சாண் இருக்கும்னு நினைச்சேன். ஆறடி இருக்கும்னு நினைக்கல.” கொஞ்சம் தயங்கி, “படத்துல உள்ள அளவு மட்டும் எனக்குக் கிடைக்குமா?” என்றார்.

அங்குலம் கத்துவான் என்று அக்கா எதிர்பார்த்தாள். உப்புத்தாளைக்கூட எடுத்து ஓரம் வைத்தாள், குறுக்கே விழ வசதியாக. அவன் கத்தவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். டேப்பை இழுத்தான். ஆறடியில் மூலைமட்டத்தை வைத்து, மேசையின் குறுக்கே ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டான். அறுத்த பக்கத்துக்கு இரண்டு புதுக் கால் இழைத்துவிடலாம், மறுபாதியை வைத்து என்ன செய்வதென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், இடம் கிடைக்கும், சனிக்கிழமை மரம் இறங்கும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, அறுக்கிற நேரத்துக்கு, வரச் சொன்னான். டீச்சர் இரண்டு பெண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி குடையை விரித்துக்கொண்டு போனார்.

அவன் சத்தம் போட்டிருந்தால் தேவலை. மதியச் சோற்றைச் சுவரைப் பார்த்துத் தின்றான், தட்டின் விளிம்பைக்கூட நேராக்கவில்லை.

சின்னவள் முட்டையை உரித்துவிட்டுத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அவரு மரம் அறுக்குற வாளால வெட்டுவாரு அண்ணி. ஆனா வெட்டினது நான்தான்.”

“உளறாத. நீ சின்னதாக் காட்டினதால ஒரு ஆளாவது வந்துச்சு. பெருசாக் காட்டியிருந்தா அதுவும் வந்திருக்காது.”

“வந்தவங்க எதுக்கு வந்தாங்க? அறுக்கச் சொல்ல வந்தாங்க.” முட்டையை டப்பாவில் வைத்து மூடினாள். “நாற்காலிய நான் சட்டத்துல வைக்கிறப்போ ஓரத்துல போறது சுவரு, குப்பை, வாளி. போனாப் போகட்டும். இதுல ஓரத்துல போனது மேசை. எனக்கு அன்னிக்கே தெரியும். எல்லாரும் பாக்கணும்னு விட்டுட்டேன்.”

அக்கா எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். மரம் வெடித்தால் மழையைத் திட்டுவார்கள், பூச்சு திரிந்தால் கடைக்காரனைத் திட்டுவார்கள். என் கைதான் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேலைக்குப் போகிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். சின்னவள் எழுந்து போனைத் துடைத்தாள்.

அன்று மாலையும் வியாழக்கிழமை காலையும் அவள் அந்த மேசையை எடுக்காத விதமில்லை. எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தாள், ஏழடிக்கு மேல் வரவில்லை. பலகை அடுக்கின் மேல் ஏறி எடுத்தாள், மேசை கப்பல் மாதிரி கோணிக்கொண்டது. நனைந்தபடி தெருவின் அந்தப் பக்கம் போய், ஷட்டருக்கு வெளியிலிருந்து எடுத்தாள். முழு மேசையும் வந்தது, தீப்பெட்டி அளவுக்கு. ஒவ்வொன்றையும் நாலுக்கு அஞ்சில் வைத்துப் பார்ப்பாள், உதட்டைக் கடிப்பாள், அழிப்பாள். அங்குலம் மெஷினைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஏதோ இழைத்துக்கொண்டிருந்தான்.

மதியம் மழை கொஞ்சம் வெளுத்தது. அறுபடப் போகிற மேசைக்கு மெருகு எதற்கு என்று அக்கா உட்கார்ந்துவிடவில்லை. இரண்டாகப் போனாலும் இரண்டும் பளபளப்பாகத்தான் போக வேண்டும். ஒரு பூச்சு காய்ந்ததும், வழக்கம்போல, மேசையின் தலைமாட்டில் குனிந்து, கன்னத்தைப் பலகையின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தாள். மேடு பள்ளம் அப்படிப் பார்த்தால்தான் தெரியும். வாசல் வெளிச்சம் எதிர்க் கோடியில் இறங்கி, பலகையெல்லாம் வழுக்கிக்கொண்டு அவள் கண் வரை வந்தது.

“அண்ணி, அப்படியே இருங்க.”

அக்கா அசையவில்லை. பூச்சில் தூசி விழுந்துவிட்டதோ என்று பயந்துபோனாள்.

“இல்ல, எந்திரிங்க. அந்த இடம் எனக்கு வேணும்.”

சின்னவள் அங்கே குனிந்தாள். போனை நிமிர்த்திப் பிடித்தாள். வெகுநேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு அக்காவை இழுத்துத் தன் பக்கத்தில் குனியவைத்தாள். இரண்டு பெண்களும் கன்னத்தோடு கன்னம் ஒட்ட அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். கீழே, மேசையின் முன்விளிம்பு ஓரத்திலிருந்து ஓரம் வரை. அங்கிருந்து பலகை கிளம்பி மேலே, மேலே, குறுகிக்கொண்டே போய் வெளிச்சத்தில் முடிந்தது. படுத்த மேசை எழுந்து நின்றுவிட்டது.

“மேசையத் திருப்ப முடியாதுன்னே நெனைச்சுட்டிருந்தேன்” என்றாள் சின்னவள். “நான் திரும்பலாம்னு தோணவே இல்ல.”

ஆனால் அந்த நீளம் எவ்வளவு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. பட்டறையில் உட்கார லாயக்கான எல்லாம் மேசையின் இருபுறமும் வந்தது. இரண்டு நாற்காலி, மூன்று ஸ்டூல், பழுது பார்க்க வந்த ஒரு பியானோ முக்காலி, அக்காவின் பாலிஷ் பெட்டி. போதாததற்குப் பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்தார்கள். பக்கத்துக்கு ஆறு. அங்குலம் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். விருந்து யாருக்கு என்று மட்டும் கேட்டான், பதிலுக்கு நிற்காமல் மறுபடி மெஷினைப் போட்டுக்கொண்டான்.

மூன்றரைக்கு வெளிச்சம் அவள் எதிர்பார்த்த இடத்துக்கு வந்தது. ஒன்றே ஒன்று எடுத்தாள். விரலால் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் எதுவும் போகவில்லை.

நடுவில் அந்தப் பென்சில் கோடு தெரிந்தது. அதை மட்டும் படத்திலிருந்து துடைத்துவிடலாமே, அப்படி ஏதோ வசதி உண்டு என்று நீயே சொன்னாயே என்று அக்கா நினைவுபடுத்தினாள்.

“வேண்டாம் அண்ணி. ஒருதடவ மறைச்சதுக்கே இந்தப் பாடு.”

பன்னிரண்டடி, ஒட்டில்லாத ஒரே பலகை, முழு மேசையும் படத்தில் இருக்கிறது என்று எழுதிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். மடக்க முடியுமா என்று ஒருவர். முக்காலி விலைக்கா என்று ஒருவர். அழகு என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள் நிறைய. அக்கா ஒவ்வொரு டிங் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினாள். சின்னவள் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினாள், முக்காலிக்காரருக்குக்கூட. பட்டறையின் அந்தக் கோடியில் அங்குலம் வாளை இடுக்கியில் பிடித்து, அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டிக்கொண்டிருந்தான். கை வாள்தான். மெஷினால் அறுத்தால் ஓரம் சிலும்பும் என்றான். அறுக்கிறதையும் ஒழுங்காக அறுக்க வேண்டும் அவனுக்கு.

மூன்றே முக்காலுக்கே டீச்சர் வந்துவிட்டார். அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், தேநீர் கொடுத்தாள். டீச்சர் வாளைப் பார்த்தார், தேநீரைக் குடிக்கவில்லை. அங்குலம் மேசையைச் சுற்றியிருந்தவற்றை ஒதுக்கிவிட்டு, கோட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தான்.

போன் அடித்தது. சின்னவள் எடுத்த அவசரத்தில் ஒலிபெருக்கியில் விழுந்துவிட்டது. ஒரு பெண் குரல், பின்னணியில் பத்துப் பதினைந்து தையல் மெஷின்கள். சீருடை தைக்கிற இடத்திலிருந்து பேசுவதாகவும், அங்கே துணி வெட்டுகிறவள் தான்தான் என்றும் சொன்னது.

“ரெண்டு மேசைய சேத்துப் போட்டு வெட்டிட்டிருக்கோம். சேர்ற சந்துல துணி மாட்டுது, கத்தி எறங்குது. பத்து வருஷமா ஒட்டில்லாத மேசை தேடுறேன். நேத்து உங்க படத்தப் பாத்தேன். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் கண்ணாலயே தடவிப் பாத்துட்டேன்னு வெச்சுக்கங்க.”

“ஒட்டே இல்லைங்க” என்றாள் சின்னவள்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வண்டியோட அஞ்சு மணிக்கு வரலாம்னு இருக்கேன். ஆனா ஒண்ணு கேட்டுட்டு வரேன். நடுவுல குறுக்க ஒரு கோடு தெரியுதே. அது ஒட்டா, விரிசலா?”

“ரெண்டும் இல்லைங்க.”

“பின்ன என்ன அது?”

சின்னவள் புருஷனைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம் போதும், சொல்லவில்லை. உண்மையைச் சொல்வது அவள் கையில் இல்லை. அது வாள் பிடித்திருந்தவன் கையில் இருந்தது. அவனோ கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பாதியைக் கட்டாயம் எடுத்துக்கொண்டு போவார். போனில் இருப்பது ஒரு குரல். வரலாம், வராமலும் போகலாம். விடிந்தால் மரம் வந்து இறங்கும்.

டீச்சர் தேநீரைக் கீழே வைத்தார்.

“எனக்கு மேசை வேணும் தம்பி. இந்த மேசைதான்னு இல்ல” என்றார் மெதுவாக, போனுக்குக் கேட்காமல். “மருத்துவமனைக்கு வர்ற மரத்துல ஒரு துண்டு மிஞ்சாதா? ரெண்டு வாரம் பிள்ளைங்க தரையில உட்கார்ந்து படிக்கட்டும். முதுகு ஒண்ணும் ஒடிஞ்சிடாது.”

அங்குலம் வாளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

போனில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஹலோ, இருக்கீங்களா என்று குரல் கேட்டது.

அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. இருப்பதிலேயே நைசான உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, தம்பிக்கும் மேசைக்கும் நடுவில் தோளை நுழைத்துப் புகுந்து, கோட்டின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவசரத்தில் கோடு போன வழியே, பலகைக்குக் குறுக்கே தேய்த்தாள். முப்பது வருஷத்தில் அவள் கை ஒரு மரத்தையும் அப்படித் தொட்டதில்லை.

வாள் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, குறுக்க தேய்க்காத. மர ரேகையோட போ.”